தாரகாவின் கண்

ஏஜென்சியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். வளர்ப்புத் தாய்மாரை இப்படித் தாங்குகிறவர்கள் லண்டனில் வேறு இல்லை. எந்த நேரம் அடித்தாலும் போனை எடுப்பார்கள். மாதம் ஒரு காலையில் எங்களைக் கூட்டிவைத்து, தேநீரும் பிஸ்கட்டும் தந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பதில் வரும்வரை காத்தும் இருப்பார்கள். என் கணவர் சாகும்வரை அப்படிக் கேட்டதில்லை.

நீங்கள் கேட்பது ஆரணியைப் பற்றி. சொல்கிறேன்.

அவளுக்கு ஆறு வயது. தாய் தாரகா மனநோயில் விழுந்து, பிள்ளைக்குச் சோறு கொடுக்கவும் எழும்பாமல் கிடந்தபோது உள்ளூராட்சிக் கவுன்சில் பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்தது. தாய்க்குச் சுகமாகும்வரை தமிழ் வீடாக இருக்கட்டும் என்று ஏஜென்சி ஸ்ட்ரெதமில் என்னிடம் விட்டது. ஒரு வருடத்தில் தாய்க்குச் சுகமாகிவிட்டது. சீக்கிரம் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஓவியா வந்து சொன்னாள். ஓவியா, ஏஜென்சி எனக்கென்று ஒதுக்கிய சமூகப் பணியாளர். கோயம்புத்தூர்க்காரி, தங்கமான பிள்ளை.

"நல்ல விஷயம்தானே ஆன்ட்டி?"

"ஓமோம்," என்றேன்.

என்னிடம் முன்பு இருந்த பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். ஒவ்வொரு முறையும் ஏஜென்சி ஒரு வாழ்த்து அட்டையும், பிரிவைத் தாங்குவதற்கு ஒரு பயிற்சியும் தந்தது. நல்ல பயிற்சி. முடிந்து வீட்டுக்கு வந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. எனக்கு அந்த அமைதி பயம்.

சனிக்கிழமைகளில் ஆரணியைக் குரோய்டனில் ஒரு குடும்ப மையத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போவேன். தாய் அங்கே வந்து பார்ப்பாள். திரும்பி வந்ததும் நாவூறு கழிப்பேன், வேறு யாரையாவது பார்த்து வந்த நாளிலும்தான். காய்ந்த செத்தல் மிளகாயையும் உப்பையும் பிள்ளையின் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவது. நெடி ஏறி இருமினால் ஒன்றுமில்லை. இருமல் வராவிட்டால் யாருடைய கண்ணோ பட்டிருக்கிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வது.

மிளகாயின் விதையை எடுத்துவிட்டு, முதல்நாளே தண்ணீரில் ஊறப்போடுவதுதான் என் கண்டுபிடிப்பு. அதுவும் தாயைப் பார்த்து வருகிற நாளில் மட்டும்.

"ரீச்சரைப் பாத்திட்டு வந்த அண்டைக்கு எப்பிடி இருமினனாங்கள்? இண்டைக்கு வருதோ, குஞ்சு?"

"இல்லை அன்ரி."

"அப்ப இது ஆர்ர கண்?"

அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லக் கூடாது, தாங்களாகவே கண்டுபிடிக்க விட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

ஓவியாவும் ஒரு நாள் பார்த்தாள்.

"எங்க ஊர்லயும் திருஷ்டி சுத்துவாங்க ஆன்ட்டி. பண்பாடு விட்டுப்போகாம வளக்கறீங்க. புகை அலாரம் அடிச்சுரும், தோட்டத்துல வச்சுப் பண்ணுங்க."

அடுத்த தேநீர்க் கூட்டத்தில் என்னை எழுப்பி இதைப் பற்றிப் பேச வைத்தாள். கை தட்டினார்கள்.

பிறகு சனிக்கிழமை என்றாலே ஆரணி வாந்தி எடுத்தாள். பஸ் குரோய்டனை நெருங்க நெருங்க என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள். தாய் கை நீட்டினால் மேசைக்கு அடியில் போய்விடுவாள். ஏஜென்சி உடனே ஓர் உளவளத்துணையாளரை அனுப்பியது. பழைய பயத்தைப் பிள்ளையின் உடம்பு மறக்கவில்லை என்றார் அவர். எனக்கு அழுகை வந்தது. நடிப்பில்லை, உண்மையான அழுகை. திருப்பிக் கொடுப்பதைத் தள்ளிவைத்தார்கள்.

கடைசியாகப் போனபோது தாரகா கிட்டவே வரவில்லை. அறையின் அடுத்த மூலையில் தரையில் இருந்துகொண்டு பேசினாள்.

"அம்மா கிட்ட வரேல்லை, பயப்பிடாதை. தூரத்திலயிருந்து பாத்தாலே எனக்குக் காணும். உனக்கு ஒண்டு தெரியுமோ? உன்ர கண் அப்பிடியே என்ர கண்."

அன்பாகத்தான் சொன்னாள். நான் அதில் பிழை பிடிக்க மாட்டேன்.

ஆரணி பஸ் கண்ணாடியில் தன் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வீட்டுக் கதவைத் திறக்கும்போது கேட்டாள்.

"அன்ரி, என்ர கண் அம்மான்ர கண்ணெண்டா, அதையும் கழிக்க வேணுமோ?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவின் கண்ணிலும் ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

"போய்க் கையைக் கழுவு, சாப்பிடுவம்," என்றேன்.

மேலே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு இறங்கி வந்தேன். குசினியில் மிளகாய்த்தூள் போத்தல் திறந்து கிடந்தது. ஆரணி இரண்டு கையாலும் கண்களைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை.

"இருமல் வருது அன்ரி," என்றாள். "போயிட்டுதோ?"

நான் முதலில் ஏஜென்சிக்குத்தான் அடித்தேன். உடனே எடுத்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னதும் அவர்கள்தான்.

ஆஸ்பத்திரியில் அவள் தாதியிடம் அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், அதனால்தான் நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மிளகாய் ஊறப்போட்டது அவளுக்குத் தெரியாது. அதை நானாகத்தான் உங்களிடம் சொல்கிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

பார்வைக்கு ஆபத்தில்லையாம், நாளைக்குக் கட்டு அவிழ்ப்பார்களாம். அந்த நேரம் தாரகாவை உள்ளே விடாதீர்கள், என்னை விடுங்கள். கண் திறக்கும்போது பிள்ளை பயப்படாமல் பார்க்க ஒரு முகம் வேண்டும். அவளுக்கு இப்போது அப்படி இருப்பது என்னுடைய முகம் ஒன்றுதான். அதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.