ஒரே சஹனில் சாப்பிட்ட நாள்

கதிரையை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டு உட்காருங்கள், டொக்டர். இந்த நேரத்தில் துறைமுகப் பக்கமிருந்து நல்ல காற்று வரும். மகள் றுஷ்தா உள்ளறையில் படுத்திருக்கிறாள். சத்தம் அவளுக்கு ஆகாது, அதனால் மெதுவாகத்தான் கதைப்பேன். "இந்த முறை காய்ச்சல் முதல்ல ஆருக்கு வந்தது, உம்மா?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இத்தனை மாதத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. சொல்கிறேன். ஆனால் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

முதல் தடவை கொரோனா இந்த வீட்டுக்குள் வந்தபோது ஊசி எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. நானும் என் கணவரும் மகளும் ஒன்றாக விழுந்தோம். அவர் எழும்பவில்லை. அவருடைய மையத்தை, கொரோனாவில் இறந்தவர்களுக்கென்று ஒதுக்கிய ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். நான் முகம் பார்க்கவில்லை. றுஷ்தா எழும்பினாள், ஆனால் பாதி ஆளாகத்தான் எழும்பினாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள், குசினியிலிருந்து கூடத்துக்கு நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்குச் சுகம் என்று நாலு துணியைக் கழுவிப் போட்டால், அதற்குப் பிறகு எழும்ப ஏலாமல் கட்டிலோடு கிடப்பாள். வெங்காயம் தாளித்தால் டயர் எரிகிற நாற்றம் என்று மூக்கைப் பொத்துவாள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொல் தொலைந்துபோகும்.

"உம்மா, அதை எடுங்க... அந்த... தண்ணி குடிக்கிறது."

"கோப்பையா மகள்?"

"ஓம், கோப்பை." சொல்லிவிட்டு அழுவாள்.

சோம்பல் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். பொய் இல்லை, கொரோனா போன பிறகும் உடம்பைவிட்டுப் போகாத நோய் இது என்று முதலில் சொன்னது நீங்கள்தான். களைக்கும் முன்பே படுக்க வேண்டும், சனக்கூட்டத்துக்குள் மாஸ்க் இல்லாமல் போகக் கூடாது, ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும், ஊசி தவறக் கூடாது, இன்னொரு தடவை கொரோனா வரவிடவே கூடாது. நீங்கள் சொன்னதில் ஒன்றையாவது நான் மறந்தேனா? வருகிறவர்கள் வெளி விறாந்தையோடு சரி. தடிமன், இருமல் பிடித்த ஆள் என்றால் கேற்றோடு சரி. என் தலைக்கறுப்பைக் கண்டாலே அடுத்த வீட்டு மைமூனா வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள்.

"என்ன கொரோனா ராத்தா, சனமெல்லாம் மாஸ்க்கை மறந்து எவ்வளவு காலம். நீங்க மட்டும் இன்னும் கட்டிக்கொண்டு திரியிறீங்க. வாய்க்குள்ள தங்கப்பல்லா ஒளிச்சு வச்சிருக்கிறீங்க?"

"உன்ட வாயைக் கட்டத்தான் ஒண்டும் கிடைக்கல்ல, மைமூனா."

ஊரே சிரித்தது. நான் விடவில்லை.

அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை நீங்கள் தப்பாக எடுக்கக் கூடாது. மருமகன் பஸ்லானுக்குக் கொழும்புத் துறைமுகத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. நல்ல பிள்ளை, மாதத்தில் ஒருக்கால் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் நானும் அவளும்தான். அவளுக்குத் தலை வாரிவிட்டேன், முதுகு தேய்த்துக் குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். கலியாணம் முடித்து, உத்தியோகம் பார்த்து, எனக்கு முகம் தர நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திரும்பி என் மடிக்கு வந்தது. உம்மா தண்ணி, உம்மா லைட்டை அணையுங்க, உம்மா பக்கத்தில இரிங்க. என்னைக் கூப்பிடுகிற சத்தம் நாள் முழுக்க இந்த வீட்டில் கேட்டது. அவர் மவுத்தான பிறகு வேறு யார் என்னைக் கூப்பிட இருக்கிறார்கள்?

பிறகு அவளுக்குச் சுகம் வரத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கடற்கரை வரைக்கும் நடந்து திரும்பினாள். தாளித்த வாசம் வாசமாகவே தெரிந்தது. சொற்கள் திரும்பி வந்தன. என்னைக் கூப்பிடுவது குறைந்தது. ஒரு நாள் பஸ்லான் வந்து, என் முன்னால் கைகட்டி நின்றுகொண்டு சொன்னார்.

"மாமி, குவார்ட்டஸ் கிடைச்சிருக்கு. றுஷ்தாவைக் கூட்டிக்கொண்டு போகப்போறேன். நீங்களும் வாங்க. ரெண்டு அறை இருக்கு."

"கொழும்பு எனக்குச் சரிவராது மகன்."

"தனிய என்ன செய்வீங்க, உம்மா?" என்று றுஷ்தா கேட்டாள்.

"எனக்கென்ன, மைமூனாவோட சண்டை பிடிச்சுக்கொண்டு இரிப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வீடு மகளுக்குத்தான். மருமகன் வந்து சேர்கிறவர், தாய் மகளோடு இருக்கிறவள். இந்த வீட்டை நாங்கள் அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தோம். அவள் போய்விட்டால், மகளுடைய வீட்டைக் காவல் காக்கிற கிழவி நான். கூடப் போனால், மருமகனுடைய அறையில் விருந்தாளி. இரண்டையும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். இரண்டும் முறையில்லை.

அதற்குப் பிறகு வந்த கிளினிக்கில் நான் உங்களிடம் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? "டொக்டர், இன்னொருக்கால் கொரோனா வந்தா இவக்கு என்ன ஆகும்?" என்றேன். "வந்தா பழையபடி விழுந்திரலாம் உம்மா, முந்தியவிட மோசமாகவும் போகலாம்," என்றீர்கள். என் கையைப் பிடித்து, "பயப்பிடாதீங்க, நீங்க நல்லாப் பார்க்கிறீங்க," என்றும் சொன்னீர்கள். நான் பயத்தில் கேட்டேன் என்று நினைத்தீர்கள். பிழையில்லை, எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கிண்ணியாவில் என் சாச்சியின் மகள் பரீனா இருக்கிறாள். உம்றா யாத்திரை போய் வந்திருந்தாள். போன் எடுத்தாள். குரலே இல்லை.

"ராத்தா, இப்ப வந்திராதீங்க. எனக்கு கொரோனா எண்டு டெஸ்டில காட்டுது. றுஷ்தா இருக்கிற வீடு, கவனம்."

"சரி பரீனா," என்றேன். அடுத்த நாளே பஸ் ஏறினேன்.

நோயில் கிடக்கிற வருத்தக்காரரைப் பார்க்கப் போவது நன்மையான காரியம். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடமும் அதைத்தான் சொன்னேன், பொய் சொல்லவில்லை. கிண்ணியாப் பாலம் தாண்டும்போது மாஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பரீனாவை ஓர் அறையில் தனியாகப் போட்டிருந்தார்கள். பெற்ற பிள்ளைகளே கதவடியில் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு விலகிப் போனார்கள். என்னைக் கண்டதும் தலையணையில் முகத்தைப் புதைத்தாள்.

"போங்க ராத்தா, கிட்ட வராதீங்க."

"எனக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு. எழும்பு, சாப்பிடுவோம்."

அவளுடைய மருமகளிடம் சஹனில் சோறு போட்டுத் தரச் சொன்னேன். சஹன் தெரியும்தானே, நாலைந்து பேர் சுற்றியிருந்து கை போட்டுச் சாப்பிடுகிற பெரிய தட்டு. நோய் சோற்றால் வருவதில்லை, மூச்சால்தான் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சஹனில் சாப்பிடும்போது முகத்துக்கு முகம் குனிந்து, கதைத்துக் கதைத்துச் சாப்பிடுவோம். பரீனா இருமினாள். நான் விலகவில்லை. "எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. நீங்க மட்டும்தான் என்னை மனுஷியா நினைச்சு வந்தீங்க," என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை உண்மையானது.

தொண்டை கம்மத் தொடங்கியதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய காய்ச்சல் இல்லை, பனடோலுக்கு அடங்கியது. பஸ்லான் வந்து கூட்டிப்போக இருந்த கிழமை அது. நெய்ச்சோறு ஆக்கினேன், கோழி சமைத்தேன். அலுமாரிக்கு மேலே சும்மா கிடந்த எங்கள் சஹனை இறக்கிக் கழுவினேன். அவள் நோயில் விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் தட்டு வேறு, கோப்பை வேறு. அந்தச் சட்டம் போட்டதும் நான்தான்.

"மகள், வா. போறதுக்கு முன்னால ஒரு சஹன்ல சாப்பிடுவோம்."

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓடி வந்து சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். காற்றில் சோறு ஆறிவிடும் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

"உம்மா, குரல் கம்மிக் கிடக்கு. தடிமனா?"

"இல்ல மகள். காலையில கொஞ்சம் அழுதிட்டேன். அதுதான்."

அவள் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, "அழாதீங்க உம்மா, மாசா மாசம் வருவேன்," என்றாள். கோழியின் ஈரலை எடுத்து என் வாயில் வைத்தாள். சின்னப் பிள்ளையில் தனக்கு வேண்டும் என்று அதற்காக வாப்பாவோடு சண்டை பிடித்தவள். நாங்கள் நெடுநேரம் சாப்பிட்டோம். நான் அவசரப்படவில்லை.

பஸ்லான் வந்து இரண்டு நாள் தங்கினார், சாமான்களைக் கட்டினார். கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்றால் இதயம் அடித்துக்கொள்கிறது. வெளிச்சம் ஆகாது. ஒரு சொல் கதைத்தால் மறுநாள் கண் திறக்க ஏலாது.

பஸ்லான் தன்னால்தான் வந்தது என்று நினைக்கிறார். கொழும்பு பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் வழி முழுக்க இருமினானாம். குசினியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "மாமி, நான்தான் கொண்டுவந்து குடுத்திட்டேன்." நான் அவர் முதுகைத் தடவி, "அல்லாஹ்ட நாட்டம் மகன், உங்கட மேல பிழை இல்ல," என்றேன். சொன்னதில் பொய் இருக்கிறதா, சொல்லுங்கள். இப்போது வந்தாலும் உள்ளே வருவதில்லை. மாஸ்க்கோடு கேற்றடியில் நின்று, சாமான் பையைத் தந்துவிட்டு, உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுப் போகிறார். இருங்க என்று நானும் சொல்வதில்லை. கவனமாக இருக்க வேண்டும்தானே.

நான் நினைத்தது இவ்வளவு அல்ல. பயணம் கொஞ்சம் தள்ளிப்போகும், பழையபடி உம்மா உம்மா என்று கூப்பிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கூப்பிடுவதற்கும் அவளுக்கு இப்போது பலம் இல்லை. நான் அறைக்குள் போய் இருட்டில் இருப்பேன், பிறகு வெளியே வந்து இருப்பேன். மைமூனாவும் வேலிக்கு மேலால் இப்போது கதைப்பதில்லை, பாவம் என்று பார்த்துவிட்டுப் போகிறாள். நீங்கள் இன்று வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தீர்கள். ஒரு ஆள் காத்திருந்தது. அதனால்தான் சொன்னேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அவள் உதடு அசைந்தது. காதைக் கொடுத்தேன். "ஆரையும் உள்ள விடாதீங்க உம்மா. நீங்க மட்டும் போதும்," என்றாள். அதைச் சொன்னதற்கு இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள்.

நீங்கள் பஸ்லானிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள், அந்தப் பிள்ளை வீணாக உருகிப்போகிறது. அவளை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்வீர்கள். அவளிடம் சொல்வதானால் மட்டும் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள், அவளுக்கு நெஞ்சு படபடக்கும். நான் என்ன செய்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் வாசலில் நின்ற இத்தனை காலத்தில் அந்நியர் ஒருவருடைய இருமல்கூட என் பிள்ளையைத் தொடவில்லை. அவளுக்கு வந்தது என்னுடையது மட்டும்தான்.