பேனா அசையாத மூன்று மணித்தியாலம்

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே என்று எடுத்து, இந்த அவையின் தலைமை ஆசனத்தில் அமர்ந்து, என் பேச்சின் நீளத்துக்கு அஞ்சி இப்போதே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்திருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத் தலைவர் அவர்களே, மார்க்கம் அறிந்த மௌலவிமார்களே, வயலையும் வாணிபத்தையும் இரு தோளிலும் சுமக்கும் பெரியோர்களே, பாண்டிருப்பிலிருந்து பரிவோடு வந்திருக்கும் தமிழ்ச் சகோதரர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்து நான் எந்த இடத்தில் தடுமாறுவேன் என்று காத்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் நடுவில் அமர்ந்திருக்கும் என் மனைவி சுஹறாவே, மகள் ஸம்றாவே: அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். பாண்டிருப்பு உறவுகளுக்கு என் பணிவான வணக்கம்.

என்னை அறியாதவர்கள் ஓரிருவர் இருக்கலாம். நான் அப்துல் ஹமீட். கல்முனைக் கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவன். காலையில் பாண் சுடுவதும் மாலையில் மேடையில் முழங்குவதும் இருபது வருடமாக என் தொழில்கள். முதல் தொழிலில் எவரும் குறை கண்டதில்லை. சிரிக்காதீர்கள், மஃரிப் தொழுகைக்கு முன் முடித்துவிடுவேன் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்று யாரைப் பாராட்டக் கூடியிருக்கிறோம்? அரிசி ஆலை கச்சிமுகம்மதின் மூத்த மகளை. கடல் கடந்து, குளிர் சுமந்து, ஐந்து வருடம் அயராது உழைத்து, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பியிருக்கும் முனவ்வறாவை. எதைப் படித்தார் அவர்? யுரேனியத்தின் ஒட்சைட்டுகள் வாயுக்களோடு சேரும்போது, அந்தத் தாக்கம் என்ன வேகத்தில் நடக்கிறது என்பதைப் படித்தார்.

யாரது, பின் வரிசையில் "குண்டு" என்றது? மறைய வேண்டாம் தம்பி, உங்கள் மீது குற்றமில்லை. கச்சிமுகம்மதின் மகள் அணுகுண்டு செய்யப் படிக்கிறா என்ற கதை இந்த ஊரில் எங்கே பிறந்தது தெரியுமா? என் பேக்கரி வாசலில் நாலு பேர் குந்தும் வாங்கில் பிறந்தது. அதைச் சொன்ன வாயும் இந்த வாய்தான். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஒரு கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"மகள், ஞாயிற்றுக்கிழமை மேடையில உங்களப் பத்திக் கதைக்கணும். எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லித் தாங்க" என்றேன்.

"சாச்சா, முதல்ல ஒண்டு சொல்றன். நான் குண்டு செய்யல்ல" என்றார்.

கேக் பெட்டியை அப்போதே மேசையில் வைத்துவிட்டேன்.

அன்று அவர் சொன்னதை, எனக்கு விளங்கிய அளவில் உங்கள் முன் வைக்கிறேன். அணு உலையில் மின்சாரம் ஆக்குவதற்கு எரிபொருளாய் வைப்பது யுரேனியம் ஒட்சைட்டு. விரல் நுனி அளவு, மருந்து மாத்திரை மாதிரிக் கறுப்புக் குளிசைகளாக அதைச் செய்து, உலோகக் குழாய்க்குள் அடுக்கி வைப்பார்களாம். வேலை முடிந்த பிறகும் அதை வீசிவிட முடியாது. ஆண்டாண்டு காலம் அடைகாத்து வைக்க வேண்டும். அப்படி வைத்திருக்கும் குழாயில் ஊசித் துவாரம் ஒன்று விழுந்து, உள்ளே சூடும் இருந்து, காற்றும் புகுந்தால் என்ன நடக்கும்? குளிசை ஒட்சிசனை உள்ளே இழுக்கும், பாரம் கூடும், பருக்கும், தூளாய் உதிரும், தன்னைச் சுற்றியிருக்கும் குழாயையே பிளக்கும்.

"எரிஞ்சா பாரம் குறையும்தானே மகள்?" என்று கேட்டேன். விறகடுப்போடு வாழ்ந்தவன் வேறென்ன கேட்பான்?

"விறகு குறையும் சாச்சா. இது கூடும்."

எந்தச் சூட்டில் உதிரும்? எத்தனை மணித்தியாலத்தில் உதிரும்? அது தெரிந்தால் ஊரைக் காக்கலாம். அழிக்கப் படித்தவர் என்று நான் வாய் கூசாமல் சொன்ன பெண், அழிவு எத்தனை மணிக்கு வரும் என்று எண்ணிச் சொல்லப் படித்திருக்கிறார். என் நாக்கை நான் என்ன செய்வது?

இப்போது அந்தப் பரிசோதனைச்சாலைக்குள் வாருங்கள். சின்ன உலை ஒன்று. அதற்குள் ஒரு தராசிலிருந்து தொங்கும் குளிசை. தராசோடு சேர்ந்து அசையும் பேனா, பேனாவுக்குக் கீழே மெதுவாய் உருளும் கடதாசி. பாரம் கூடினால் பேனா ஏறும். கூடாவிட்டால் கடதாசியில் நேர்கோடு. உலையின் சூடு இருநூற்றைம்பது பாகை. ஓம், என் போறணையில் பாண் வேகிற சூடுதான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தப் பரிசோதனைச்சாலையில் ஒரு சட்டம் இருந்தது. மூன்று மணித்தியாலம் பார், பேனா அசையாவிட்டால் உலையை அணை, 'தாக்கம் இல்லை' என்று எழுது. முனவ்வறா பார்த்தார், அணைத்தார், எழுதினார். ஒரு தடவையா, இரு தடவையா? நாற்பது தடவை. இந்தச் சூட்டில் தாக்கம் இல்லை என்று அறிக்கையும் எழுதிக் கையொப்பமும் வைத்துவிட்டார்.

பிறகு வந்தது நோன்பு. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, அங்கே கடும் குளிர்காலம். பிற்பகல் இரண்டு மணிக்கு உலையை மூட்டினார். மூன்று மணித்தியாலம் முடிவது ஐந்து மணிக்கு. நோன்பு திறப்பதும் ஐந்து மணியை ஒட்டி. விடியுமுன் சஹருக்கு ஒரு துண்டுப் பாணும் தேத்தண்ணியும் மட்டுமே கண்ட வயிறு. நம் ஊரில் அந்த நேரம் எவன் வீதியில் ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டியிருக்கிறான்? பிள்ளை பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு தொழுகை அறைக்கு ஓடினார். உலையை அணைக்க மறந்தார். நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, கஞ்சி குடித்து, இரவில் இஷாவும் தொழுத பிறகுதான் உலையின் நினைவு வந்ததாம். தொழுகைக்குள்ளேயே வந்ததா என்று கேட்காதீர்கள் மௌலவி, அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள விடயம்.

ஓடிப்போய்ப் பார்த்தார். நாலு மணித்தியாலம் வரைக்கும் படுத்துக் கிடந்த கோடு, அதன் பிறகு எழும்பியிருந்தது. எழும்பி, நிமிர்ந்து, ஏறிக்கொண்டே இருந்தது. குளிசை தூளாய் உதிரத் தொடங்கியிருந்தது.

பேனா அசையாத அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன நடந்தது? ஒட்சிசன் அணு அணுவாய் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. புதிய பொருளின் சின்னச் சின்னக் கருக்கள் அங்கங்கே பிறந்துகொண்டிருந்தன. தராசுக்குத் தெரியவில்லை, பேனாவுக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்த பெண்ணுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக நடக்கவில்லை என்று சொல்ல நாம் யார்?

அந்தக் கடதாசியைக் கிழித்துப் போட்டிருந்தால் கேட்பதற்கு ஆளில்லை. வைத்திருந்தால் நாற்பது பரிசோதனையும் பிழை, கையொப்பம் வைத்த அறிக்கையும் பிழை, புலமைப்பரிசிலில் மிச்சம் ஒரே வருடம். அவர் கடதாசியைப் பேராசிரியரின் மேசையில் வைத்தார். நாற்பதையும் திரும்பச் செய்தார். கடைசிப் பரீட்சையில் ஒரு வெள்ளைக்காரர் கேட்டாராம், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் உலையை விட்டுவைக்க உங்களுக்குத் தோன்றிய காரணம் என்ன என்று. பெரிய விஞ்ஞான விளக்கம் ஒன்றைச் சோடித்திருக்கலாம். "மறந்துவிட்டேன், பசி" என்றார் முனவ்வறா. வெள்ளைக்காரர் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாராம்.

கை தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லை. தலைவரே, கடிகாரத்தைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள்.

நம் மகளிர் பாடசாலையில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு இந்த வருடம்தான் தொடங்கியது. பாண்டிருப்பிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, நாட்டு நிலைமை நல்லதோ கெட்டதோ, ஒரு நாள் தவறாமல் படிப்பிக்கிறார் யசோதினி ரீச்சர். இதோ முன் வரிசையில் இருக்கிறார். ஏழு பிள்ளைகள் இல்லாவிட்டால் வகுப்பை மூடுவோம் என்று கல்வித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாளை திங்கட்கிழமை தலைகளை எண்ண வருகிறார்கள். இன்று எத்தனை பேர்? ஆறு பேர். ஏழாவது பிள்ளை எங்கே?

ஏழாவது பிள்ளையை அவளுடைய வாப்பா நிப்பாட்டிவிட்டான். முதல் தவணைப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினெட்டுப் புள்ளி எடுத்தாள் என்பதற்காக நிப்பாட்டினான். "பதினெட்டுக்கு இரசாயனமா? வீட்டில இருந்து தையல் பழகட்டும்" என்று பேக்கரி வாங்கில் நாலு பேர் கேட்கச் சொன்னான். அந்த வாப்பா இப்போது உங்கள் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

நேற்றுக் காலை இந்தப் பேச்சை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். சுஹறா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. ஸம்றா கதவோரம் நின்று கேட்டாள். "தெரியவில்லை என்பதற்காக நடக்கவில்லை என்று சொல்ல நாம் யார்?" என்று கையை உயர்த்தி, குரலை உயர்த்தி, நானே என்னை மெச்சி நின்ற நேரம், மகள் உள்ளே போய்விட்டாள்.

சுஹறா தலை நிமிரவில்லை. "மாரி மழைக்குப் பாண் மா பொங்காட்டி விடியு மட்டும் பார்த்துக்கிட்டு இரிக்கீங்க. ஒரு நாளும் அந்த மாவக் கொட்டின இல்ல. புள்ளைக்கு மட்டும் ஒரு தவணதானா?" என்றா.

சபையோரே, ஆயிரம் மேடை கண்டவன் நான். அந்த அடுப்படியில் உயர்த்திய கையைக் கீழே இறக்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மகளிடம் போனேன். "நாளண்டைக்கு, திங்கக்கிழமை, பள்ளிக்கூடம் போங்க மகள்" என்றேன்.

"கடையில நாலு பேருக்கு முன்னால சொன்னீங்க வாப்பா. திருப்பி எடுக்கிறதையும் நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க. பிறகு பார்ப்பம்" என்றாள்.

நாலு பேர் கேட்டாள். நான் நானூறு பேருக்கு முன்னால் சொல்கிறேன். கல்முனைக் கடைத்தெரு கேட்கட்டும், பாண்டிருப்பு கேட்கட்டும், ஒலிபெருக்கி எட்டும் தூரமெல்லாம் கேட்கட்டும். அப்துல் ஹமீட் அவசரப்பட்டுவிட்டான். பேனாவை மட்டும் பார்த்தான், பிள்ளையைப் பார்க்கவில்லை. பதினெட்டுப் புள்ளிக்கு உள்ளே என்ன பிறந்துகொண்டிருக்கிறது என்று அறியாமல் உலையை அணைத்தவன் அவன். ஸம்றா, வாப்பா திருப்பி எடுத்துட்டன். யசோதினி ரீச்சர், உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். வெட்டிய பெயரைத் திரும்ப எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன ரீச்சர்? கேட்கவில்லை. கொஞ்சம் அமைதி காருங்கள் சகோதரர்களே, ரீச்சர் எழும்பி ஏதோ சொல்கிறார். ஆ. சபையோருக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "நான் அந்தப் பேரை வெட்டவே இல்ல. மூண்டு கிழமையா வரவில்லை எண்டு மட்டும்தான் போட்டு வச்சிருக்கன்" என்கிறார்.

கலாநிதி முனவ்வறா அவர்களே, உலையை அணைக்காமல் விட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்று எண்ணி வந்தேன். இன்னொருவர் முன் வரிசையிலேயே இருந்திருக்கிறார்.

திரைக்கு அப்பால் ஒரு குரல் கேட்கிறது. எனக்குப் பழக்கமான குரல். "நாளைக்கு எத்தின மணிக்கு ரீச்சர்?"

கேள்வி என்னிடம் இல்லை, ரீச்சரிடம். எனக்கு அது போதும். ஏழரைக்கு மகள், ஏழரைக்கு. நானே கொண்டுவந்து விடுகிறேன்.

தலைவரே, நீங்கள் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளலாம், பாங்குக்கு நேரமாகிறது. பொறுமையோடு செவி கொடுத்த பெரியோருக்கும், என் தடுமாற்றத்துக்காகக் காத்திருந்து அதைக் கண்ணாரக் கண்ட தாய்மார்களுக்கும், பெற்று வளர்த்து அனுப்பிய கச்சிமுகம்மது காக்காவுக்கும், பெயரை வெட்டாத ரீச்சருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.