அஞ்சு டியூப் ரத்தம்

இது அநியாயம் நர்ஸக்கா, அஞ்சு டியூபா! போன வாரம் ஒண்ணோட விட்டீங்களே! இல்ல இல்ல, கைய மடக்கல, நீட்டித்தான் வச்சிருக்கேன். அந்த ரப்பர் பட்டைய மட்டும் கொஞ்சம் மெதுவா... ஸ்ஸ்! இறுக்குறீங்களே!

எல்லாம் டாக்டரால வந்த வினை. விடிகாலைல நீச்சல் வகுப்புக்கு எழுப்புனாங்க, அசதியா இருக்குன்னு சும்மா ஒரு வார்த்த சொன்னேன். பச்சத்தண்ணில குதிக்கச் சொன்னா யாருக்குத்தான் அசதி வராது? உடனே எங்கம்மா, "புள்ள வாடிப்போச்சே!"ன்னு தரதரன்னு இங்க இழுத்துட்டு வந்துட்டாங்க. உங்க டாக்டர் கெணத்துக்குள்ளேருந்து பேசுவாருல்ல... "ம்ம்ம்ம்... வைட்டமின் பி பன்னெண்டு பாத்துருவோம்... ம்ம்ம்ம்... கொறஞ்சிருந்தா வாரம் ஒரு ஊசி, எட்டு வாரம்." சிரிக்கிறீங்க பாத்தீங்களா! அப்படியே இருக்குல்ல?

எட்டு ஊசிக்கா! ஒண்ணுக்கே இந்தக் கூத்து. இருங்க இருங்க, பஞ்சு சில்லுன்னு இருக்கு, காயட்டும்.

கடசில ரிப்போர்ட்டப் பாத்தா நம்பரே இல்ல. மெஷினால அளக்க முடியாத அளவுக்கு மேல போயிருச்சாம்! "ம்ம்ம்ம்... சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுதா பொண்ணு?" எங்கம்மா, "ஒண்ணக்கூடத் தொடமாட்டா டாக்டர்!" நான் மேல சுத்துற ஃபேனயே பாத்துட்டிருந்தேன். "ம்ம்ம்ம்... மாத்திரை இல்லாமலே இவ்ளோ ஏறுனா ஈரல்ல கோளாறு இருக்கலாம்... பாத்துரணும்." அதுக்குத்தான் இந்த அஞ்சு டியூபு.

வீட்ல எங்கப்பா வேற. மூக்காலதான் பேசுவாரு... "மருந்துக்கடக்காரன் ஏமாத்திட்டான்! என் பி பன்னெண்டு மாத்திரை டப்பால பாதிய காணோம்!" கடைக்கே போய் சண்ட போட்டுட்டு வந்துட்டாரு. பாவம் அந்தக் கடக்காரர்.

சிரிப்பா இருக்குல்ல? ஆனா நேத்துலேருந்து எங்கம்மா என்னத் திட்டவே இல்லக்கா. ஈரத்துண்ட கட்டில்ல போட்டேன், திட்டல. தம்பிய கிள்ளுனேன், திட்டல. இப்ப வெளிய நின்னு சித்திகிட்ட ஃபோன்ல பேசுறாங்க, கேக்குதா? "ஒண்ணும் இருக்காதுல்ல? ஒண்ணும் இருக்காதுல்ல?"ன்னு. யார் குரல் வேணும்னாலும் செய்வேன்க்கா. அது மட்டும் வரமாட்டேங்குது.

ஊசிய கொஞ்சம் கீழ வைங்க. ஒண்ணு சொல்றேன், நமக்குள்ளயே இருக்கட்டும்.

அப்பாவோட மாத்திரைய முழுங்குனது... நான்தான்க்கா. டெஸ்ட்டுக்கு முன்னாடி நாலு நாள். காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. கொறையக் கூடாதேன்னுதான்! இப்படிக் கூரையப் பிச்சுக்கிட்டுப் போகும்னு நான் என்ன கண்டேன்?

என்னக்கா, பட்டைய அவுத்துட்டீங்க? அப்ப ரத்தம் வேணாமா? அய்யோ, நீங்கதான்க்கா தெய்வம்! எங்க எந்திரிக்கிறீங்க? டாக்டர் ரூம் அந்தப் பக்கம்லக்கா... அது வெளிக் கதவு... அக்கா, எங்கம்மாவக் கூப்பிடாதீங்க! அக்கா! கைய நீட்டிட்டேன், இந்தா பாருங்க! வந்து குத்துங்க! அஞ்சு என்ன, பத்து டியூபா எடுத்துக்கோங்க! அக்காஆஆ!