கை காட்டிய பக்கம்

லைஃப் ஜாக்கெட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பட்டைகளை இறுக்கிய பிறகு யாரையாவது தோள்பக்கம் பிடித்து மேலே இழுக்கச் சொல்ல வேண்டும். காது வரைக்கும் ஏறி வந்தால் அது இருந்தும் பிரயோஜனமில்லை. அன்று காலை வந்திருந்த எல்லோருக்கும் நானே இழுத்துப் பார்த்தேன். ஸ்ரீநாத்துக்கு இடுப்புப் பட்டை தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டேன்.

நீங்கள் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், தமிழிலேயே சொல்லலாம் என்றது சௌகரியமாக இருக்கிறது, ஸார். எனக்கு எழுத மலையாளம்தான் நன்றாக வரும். ஆனால் வீட்டு விஷயங்களைத் தமிழில் சொல்லித்தான் பழக்கம். இது வீட்டு விஷயம்.

என் பெயர் வாஞ்சிநாதன். மட்டாஞ்சேரியில் வீடு. ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. எங்கே கசியும், எது சரியும், யார் அசட்டையாக நிற்பார்கள் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் எனக்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் படகுத்துறைப் பக்கத்துக் காயலில் நாங்கள் சிலபேர் கயாக் ஓட்டுவோம். ஒருவர் மட்டும் உட்காரும் ஒடுக்கமான சின்னப் படகு. மழைக்காலம் பிறந்தால் மலைப்பக்கம் போய், பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் ஆற்றில் ஓட்டுவோம். அந்தப் பயணங்களின் ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு.

ஸ்ரீநாத் என் மனைவி மீனாக்ஷியின் தம்பி. சுள்ளிக்கல்லில் இருந்தான். தோப்பும்படியில் படகு இன்ஜினுக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருந்தான். கலகலப்பானவன். அவன் வந்தால் எங்கள் வீட்டில் எல்லா விளக்கும் எரியும். என் பெண் சுபாஷிணி கல்லூரியிலிருந்து வந்ததும் "மாமா வந்தாரா?" என்றுதான் கேட்பாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

ஆற்றில் அவன் ஒரு ஆபத்து. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, தொழில் முறையில் சொல்கிறேன். யார் சொல்லியும் கேட்க மாட்டான். சிரித்துக்கொண்டே எதற்குள்ளும் நுழைந்துவிடுவான். போன மழைக்காலத்தில் இதே ஆற்றில் சுபா அவன் பின்னாலேயே போய், படகு கவிழ்ந்து, ஒரு பாறைக்குக் கீழே மாட்டிக்கொண்டாள். தோள் விலகிவிட்டது. பிழைத்ததே பெரிய விஷயம். ஒரு குழுவில் ஆபத்து எது என்று தெரிந்துவிட்டால் அதை அகற்ற வேண்டும். தொழிற்சாலையில் அப்படித்தான் செய்வோம்.

இந்த வருஷப் பயணத்துக்கு முந்திய வாரம் நான் தனியாகப் போய் ஆற்றைப் பார்த்தேன். கரையோடு நடந்து பார்க்காமல் எந்த ஆற்றிலும் இறங்கக்கூடாது. நடுவில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. தண்ணீர் அங்கே இரண்டாகப் பிரியும். வலது கிளை நேராக இறங்கி ஆழமான அமைதியான இடத்தில் விழும். இடது கிளை வளைந்து போகும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று படகில் வருகிறவனுக்குத் தெரியாது. அங்கே ஒரு நீர்மருது சாய்ந்து ஆற்றுக்குக் குறுக்கே கிடந்தது. பாறையைவிட மரம் மோசம், ஸார். பாறையில் மோதும் தண்ணீர் ஆளைச் சுற்றிக் கொண்டுபோய்விடும். மரத்தில் தண்ணீர் கிளைகளுக்கு ஊடே புகுந்து போகும். ஆள் போக முடியாது. தண்ணீர் அவனை அதிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்.

அந்த மரத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

சுபா வர வேண்டாம் என்றுதான் நினைத்தேன். "மாமா வரார்னா நானும் வருவேன்" என்றாள். அதனால் அவளுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டேன். முதல் படகு ஸ்ரீநாத். நல்ல இடைவெளி விட்டு சுபா. கடைசியில் ஆனந்தகுமார், ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பையன், நிதானமானவன். எங்கள் குழுவில் இருக்கிற தன்யாவுக்குக் கயிறு எறிய நல்ல கைவீச்சு. அவளை வலது கிளை இறங்கி முடிகிற இடத்தில், மீட்புக் கயிறோடு நிறுத்தினேன். நான் இடது கரைப் பாறையில். அங்கிருந்து வருகிற படகும் தெரியும், வளைவுக்கு அப்பாலும் தெரியும். வேறு யாருக்கும் இரண்டும் சேர்ந்து தெரியாது.

சாயா குடித்துவிட்டுப் படகை இறக்கும்போது ஸ்ரீநாத், "நானும் கரையோட ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமா, அத்திம்பேர்?" என்றான்.

"நான் பார்த்துட்டேன்" என்றேன்.

"அப்போ சரி. அத்திம்பேர் பார்த்தா போரும்" என்று சொல்லிப் படகில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு நடந்ததைப் பற்றி முதல் நாள் உங்களிடம் நான் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. இடது பக்கம் மரம் இருப்பதைக் காட்டத்தான் கையை நீட்டினேன், அவன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். யாராக இருந்தாலும் நம்புவார்கள். ஆபத்து இருக்கிற பக்கம்தானே மனிதன் கை காட்டுவான்.

சுபா நம்பவில்லை. "அப்பா ஆபத்தைக் கையால காட்டவே மாட்டார் ஸார். போக வேண்டிய வழியைத்தான் காட்டுவார். எங்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கார்" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது சரி. ஆற்றின் இரைச்சலில் பேச்சு கேட்காது. கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான் விதி. அவள் பொய் சொல்லிப் பழகாதவள். அவள் அப்படிச் சொன்ன பிறகு நான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பது அழகல்ல. அதனால்தான் வந்தேன்.

அவன் பாறையை நெருங்கும்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். இடது பக்கம் கையை நீட்டினேன். நன்றாக, முழங்கை மடங்காமல். அவன் தலையசைத்துவிட்டு இடது பக்கம் திரும்பினான். உடனே துடுப்பைத் தலைக்கு மேலே படுக்கைவசமாகத் தூக்கிப் பிடித்தேன். பின்னால் வருகிறவர்கள் நிற்க வேண்டும் என்று அர்த்தம். சுபா கரையோரம் ஒதுங்கி நின்றாள். ஆனந்தகுமாரும் நின்றான். அவர்களுக்கு நகத்தில்கூட ஒரு கீறல் இல்லை.

ஏன் என்று கேட்டீர்கள். சுபாவுக்கு நடந்ததற்காகவா என்றும் கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் உங்களுக்கும் எழுத வசதி. ஆனால் அதில் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

போன வருஷம் சுபா பாறைக்கடியில் மாட்டிய இடத்துக்கு நேர் மேலே நான்தான் மீட்புக் கயிறு அடைத்த பையோடு நின்றிருந்தேன். எறிகிற தூரம்தான். அவளுடைய சிவப்பு ஹெல்மெட் தண்ணீருக்குள் ஒரு தரம் தெரிந்தது, மறைந்தது. என் கை எழும்பவில்லை, ஸார். எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்த கை. ஸ்ரீநாத் படகைவிட்டுக் குதித்து அவளை இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டான். அப்போதும் நான் அப்படியேதான் நின்றிருந்தேன், பையின் வாயைக்கூடத் திறக்காமல்.

அவன் என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான். மற்றவர்கள் கரையோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவன் என் கையிலிருந்து பையை வாங்கிக் கயிறு முழுவதையும் உருவி ஆற்றில் வீசினான். நனைந்ததும் இழுத்து என் காலடியில் போட்டான். அவ்வளவு சீக்கிரம் ஒரு மனிதனுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றுகிறது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் போகாத விசேஷம் இல்லை, அவன் அதைச் சொல்லாத விசேஷம் இல்லை. "அத்திம்பேர் மட்டும் அன்னிக்குக் கயிறு எறியலேன்னா நானும் சுபாவும் இன்னிக்கு இப்படி உக்காந்து பிரதமன் சாப்பிட்டுண்டு இருக்க மாட்டோம், கேட்டேளா" என்பான். மீனாக்ஷி என் பக்கம் பார்ப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி என்னைப் பார்த்ததில்லை. சுபா என் தோளில் சாய்ந்துகொள்வாள். பாயசத்தை மிச்சம் வைத்து இலையை மூடிவிடுவேன். எல்லோரும் என்னை மெச்சிக்கொண்டிருக்கும்போது அந்தக் கூடத்தில் ஒருவனுக்கு மட்டும் நான் யாரென்று தெரியும். அவன் சிரித்துக்கொண்டிருப்பான். அது கேலி, ஸார். வேறென்னவாக இருக்க முடியும்? தனியாக இருக்கும்போது அவன் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்திருந்தால், ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால், விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மரத்தில் மாட்டிய பிறகு அவன் உடனே போய்விடவில்லை. படகு அடியில் போய்விட்டது. அவன் ஒரு கையால் கிளையைப் பிடித்து மார்பு தண்ணீருக்கு மேலே தெரிய நின்றான். கயிற்றுப் பை என் இடுப்பில் இருந்தது. இந்தத் தடவை கை எழும்பியிருக்கும். வேண்டாம் என்று முடிவு செய்துதான் நின்றேன். அதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ளலாம்.

அவன் கயிறு கேட்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ கத்தினான், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு கிளையிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்துக் காட்டினான். நிறுத்து என்று. மறுபடியும் காட்டினான். அவனுக்குப் பின்னால் சுபா வந்துகொண்டிருக்கிறாள் அல்லவா, அவளை நிறுத்தச் சொல்கிறான். மூன்றாவது தரம் கை பாதிதான் மேலே வந்தது.

தேவையே இல்லாத வேலை. நான் அவளை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. அந்தக் கையால் கிளையைப் பிடித்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பான். தன்யா கயிறோடு ஓடி வந்திருக்கவும் கூடும். ஆனால் சுபாவை நான் பார்த்துக்கொள்வேன் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கடைசிவரைக்கும் அவனுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, ஸார்.