தெரு வளையும் இடம்

நாத்தனார்: ஆவணக் காப்பகத்துக்குள்ள பையைக் கொண்டுபோக விடமாட்டாங்க அண்ணி. இந்தப் பெட்டியில வச்சுப் பூட்டணும். பேனாவும் கூடாது, பென்சில் மட்டும்தான்.

அண்ணி: பூட்டியாச்சு. பென்சில் கையில இருக்கு.

நாத்தனார்: சீவினதா?

அண்ணி: சீவினதுதான். ஏன் இப்படிப் பதறுற?

நாத்தனார்: பதறல… பட்டியல் போட்டு வச்சிருக்கேன். வரிசையாச் சொல்லலைன்னா ஏதாவது விட்டுடுவேன். அடுத்தது கை கழுவணும்.

அண்ணி: கழுவித் துடைச்சுட்டேன். துண்டு அந்தக் கதவுக்குப் பின்னால தொங்குது.

நாத்தனார்: அங்கயா? இத்தனை நாளா நான் தாவணியிலதான் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

அண்ணி: பட்டியலைப் பார்த்துக்கிட்டே நடந்தா துண்டு எப்படிக் கண்ணுல படும் ஸ்கேலு?

நாத்தனார்: …நீங்க போனப்புறம் என்னை யாரும் ஸ்கேலுன்னு கூப்பிடறதில்ல.

அண்ணி: நல்லதுதானே. அந்தப் பேருக்கு எவ்வளவு சண்டை போட்டிருப்ப.

நாத்தனார்: அண்ணி… ஒண்ணு கேக்கணும். போன வாரம் கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சுடுச்சுன்னு அண்ணன் சொன்னான். இனிமே உங்களை நான் என்னன்னு…

அண்ணி: உள்ள போகலாமா? மருந்துக்கடையில அரைநாள்தான் லீவு சொல்லியிருக்கேன்.

நாத்தனார்: சரி… வாங்க.

காப்பாளர்: வாங்க. ஜன்னலோர மேசைதானே? காலியாத்தான் இருக்கு.

நாத்தனார்: நான் எப்பவும் தூண் பக்கத்து மேசையில… பரவாயில்ல சார், அங்கயே உக்கார்றோம். அதுதான் பெருசு.

காப்பாளர்: ரெண்டு பேரும் வாசகர் அட்டையைக் குடுங்க. பழைய சர்வே படத்துல ஆளுக்கு ஒரு தாள்தான் தருவோம். மேற்குத் தாள் உங்க பேர்ல, கிழக்குத் தாள் அவங்க பேர்ல. மூலைக்கு ஒரு மணல்பை வைங்க. படத்து மேல விரல் படக்கூடாது.

நாத்தனார்: இதுக்காகத்தான் அண்ணி உங்களை வரச் சொன்னேன். ஒரு ஆளுக்கு ஒரு தாள். மேற்கைப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்தாத்தான் கிழக்கு வரும். நம்ம தெரு ரெண்டு தாள்லயும் பாதிப் பாதி இருக்கு. சேர்த்துவச்சுப் பார்க்க ரெண்டு அட்டை வேணும்.

அண்ணி: அதான் போன்லயே சொன்னியே.

நாத்தனார்: உங்க அட்டைக்கு ரொம்ப அலைய விட்டாங்களா?

அண்ணி: இல்லையே. சுலபமாத்தான் குடுத்தாங்க.

நாத்தனார்: எனக்கு மூணு தடவை. போட்டோவுல நான் நான் மாதிரி இல்லைன்னுட்டாங்க.

அண்ணி: அவங்களையும் தப்பு சொல்ல முடியாது.

நாத்தனார்: அண்ணி…

அண்ணி: சரி, சரி. உன் மாலை வகுப்பு வாத்தியார் என்ன எழுதச் சொன்னாரு?

நாத்தனார்: தினமும் பார்க்கிற ஒண்ணைப் பத்திக் கேள்வி கேளுங்க, ஊகத்தை எழுதிவச்சுட்டு ஆவணத்துல தேடுங்கன்னாரு. எல்லாரும் கோட்டை, பாலம், பழைய மில்லுன்னு எடுத்தாங்க. நான் மட்டும் எங்க தெரு ஏன் வளையுதுன்னு எழுதிக் குடுத்தேன். வகுப்பே சிரிச்சுது. இது ஒரு கேள்வியான்னு எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு.

அண்ணி: அது என் கேள்வி.

நாத்தனார்: ஆமா. உங்க கேள்விதான்.

அண்ணி: கல்யாணத்தன்னிக்குக் கார் அந்த வளைவுல திரும்ப முடியாம முன்னாலயும் பின்னாலயும் போய்ட்டு வந்துச்சு. நேரான தெரு, உங்க வீட்டு வாசல்ல வந்து மட்டும் ஏன் இப்படி நெளியுதுன்னு கேட்டேன். கார்ல இருந்த அத்தனை பேரும் சிரிச்சீங்க.

நாத்தனார்: நான் சிரிக்கல. எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு.

அண்ணி: நிஜமாவே என் பட்டுப்புடவையில எடுத்த.

நாத்தனார்: அதை விடுங்க. ஊகத்தைப் படிக்கிறேன். ஒண்ணு, அம்மா சொன்னது. அங்க ஒரு பெரிய மரம் இருந்துச்சு, வெட்ட மனசில்லாம…

அண்ணி: மரம் இல்ல.

நாத்தனார்: இன்னும் தாளையே விரிக்கலையே.

அண்ணி: …சும்மா தோணுச்சு. சொல்லு.

நாத்தனார்: ரெண்டு, அப்பா சொன்னது. யாரோ பெரிய மனுஷன் இடத்தை விட்டுக்குடுக்கல. மூணு, அண்ணன் சொன்னது… தெருன்னா வளையத்தான் செய்யும்.

அண்ணி: அவர் பதில் எல்லாத்துக்கும் அதுதான்.

காப்பாளர்: கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா.

நாத்தனார்: சாரி சார்… அண்ணி, நீங்க அந்த ஓரத்தைப் பிடிங்க. மெல்ல. இங்க பாருங்க, இதுதான் நம்ம தெரு. முழுசும் புள்ளிக்கோடு. அப்படின்னா, படம் வரைஞ்சப்போ தெருவே கிடையாது. இனிமே போடப்போறதுன்னு அர்த்தம்.

அண்ணி: உங்க வீடு?

நாத்தனார்: நம்ம வீடு தாளோட ஓரத்துல வரும். இப்போ வெறும் காலி இடம். மரமும் இல்ல, யார் பேரும் இல்ல. நீங்க சொன்னது சரிதான். அப்போ மூணு ஊகமும் போச்சு. நான் வெள்ளிக்கிழமை என்னத்தை எழுதிக் குடுக்கிறது?

அண்ணி: அவசரப்படாத. ரெண்டு ஓரத்தையும் ஒட்ட வை.

நாத்தனார்: வச்சுட்டேன்… என்ன இது? மேற்குத் தாள்ல தெரு நேரா ஓரம் வரைக்கும் வருது. கிழக்குல கட்டைவிரல் அகலம் கீழ தள்ளித்தான் ஆரம்பிக்குது. நான்தான் சரியா வைக்கலையோ?

அண்ணி: நீ சரியாத்தான் வச்சிருக்க. படத்தைச் சுத்திப் போட்ட ஓரக்கோடு ரெண்டுலயும் ஒண்ணா நிக்குது. உள்ள வரைஞ்சதுதான் சேரல. கட்டம் போட்ட சட்டையில பாக்கெட்டைத் தப்பா வச்சுத் தைச்ச மாதிரி.

நாத்தனார்: அண்ணனோட நீலச் சட்டை.

அண்ணி: அதேதான். இப்போ வாய்க்காலைப் பாரு.

நாத்தனார்: பின்பக்கத்து வாய்க்காலா? அதுவும் ஓரத்துல வந்து உடைஞ்சு நிக்குது. அதே அளவு கீழ… ஆனா வாய்க்கால் நேராத்தானே போகுது அண்ணி? துணி காயப்போட மாடிக்குப் போனா முழுசாத் தெரியுமே.

அண்ணி: அதான்.

நாத்தனார்: இருங்க, இருங்க. வாய்க்கால் புள்ளிக்கோடு இல்ல, முழுக்கோடு; அது முன்னாலயே இருந்தது. நிஜத்துல நேரா இருக்கு, தாள்லதான் உடைஞ்சிருக்கு. அப்போ தப்பு தாள்ல. கிழக்குத் தாளைக் கொஞ்சம் மேல ஏத்தினா… சார், தாளை நகர்த்தலாமா?

காப்பாளர்: இழுக்காதீங்க. நாலு கையும் சேர்ந்து தூக்கி வைங்க.

நாத்தனார்: தூக்குங்க அண்ணி. இன்னும் கொஞ்சம்… போதும். வாய்க்கால் சேர்ந்துடுச்சு.

அண்ணி: தெருவைப் பாரு.

நாத்தனார்: தெருவும் சேருது. ஒரே கோடு… நேரா இருக்கு அண்ணி.

அண்ணி: நேராப் போடத்தான் நினைச்சிருக்காங்க. கீழ என்னமோ எழுதியிருக்கே, படி.

நாத்தனார்: மேற்குத் தாள், முதல் குழு, ரயிலடியிலிருந்து அளந்தது. கிழக்குத் தாள், ரெண்டாம் குழு, ஆத்தங்கரையிலிருந்து அளந்தது. ஆளுக்கொரு பக்கத்துலேர்ந்து அளந்துக்கிட்டே வந்திருக்காங்க. ரோடு போட்டவங்களும் ஆளுக்கொரு தாளை வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் ஆரம்பிச்சிருப்பாங்க. நடுவுல வந்து பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சேரல. அதான் வளைச்சு இணைச்சிருக்காங்க.

அண்ணி: சரியா உங்க வீட்டு வாசல்ல.

நாத்தனார்: நம்ம வீட்டு வாசல்ல… ‘இணைச்சிருப்பாங்க’ன்னுதான் எழுதணும், இல்லையா? ரோடு போட்டதை நான் எங்கயும் படிக்கலையே.

அண்ணி: அப்படியே எழுது. உன் வாத்தியாருக்கும் அது பிடிக்கும்.

நாத்தனார்: தாளை ஒரே ஒரு தடவை சேர்த்துவச்சுப் பார்த்திருந்தா…

அண்ணி: என்னையும் உன் அண்ணனையும் குத்திக்காட்டுறியா?

நாத்தனார்: ஐயோ இல்ல. சர்வேக்காரங்களைச் சொன்னேன்.

அண்ணி: நாங்க சேர்த்துவச்சுப் பார்த்தோம்டி. நிறையத் தடவை. அது வேற.

நாத்தனார்: …தெரியும் அண்ணி.

அண்ணி: எழுதிக்கோ. பென்சில் மழுங்கிடுச்சு பாரு, இதை வச்சுக்கோ.

காப்பாளர்: பார்த்து முடிச்சாச்சா? குடுங்க, நானே சுருட்டிக்கறேன். அடுத்த தடவை இப்படி ஆள் தேடிக் கூட்டிட்டு வரணும்னு இல்லம்மா. அன்னிக்கே சொன்னேனே, ரெண்டாவது தாளை நானே கொண்டுவந்து பக்கத்துல நின்னு பிடிச்சுக்கறேன்னு.

நாத்தனார்: …சரி சார்.

அண்ணி: ஸ்கேலு.

நாத்தனார்: ம்.

அண்ணி: காது சிவந்து போச்சு.

நாத்தனார்: திட்டுங்க. ரெண்டு அட்டை இல்லாம முடியாதுன்னு சொன்னது பொய். அவர் முதல் நாளே சொல்லிட்டாரு. கோர்ட்டு முடிஞ்சதும் உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் இல்லாமப் போச்சு. சும்மா பேசணும்னு சொன்னா வருவீங்களோ, மாட்டீங்களோ… லீவு போட்டு அலைய வச்சுட்டேன். உங்களை என்னன்னு கூப்பிடுறதுன்னும் தெரியல. கோவமா?

அண்ணி: உனக்கு முன்னாலயே நான் இங்க அட்டை வாங்கிட்டேன். அந்த வீட்டை விட்டு வந்த பிறகும் கேள்வி போகல. மேற்குத் தாளை ஒரு நாள், கிழக்குத் தாளை ஒரு நாள்னு இதே ஜன்னலோரத்துல உக்காந்து பார்த்தேன். யார் எதைப் பார்த்தாங்கன்னு அவர் வெளிய சொல்லமாட்டாரு, அதான் உனக்குத் தெரியல. பக்கத்துல நின்னு பிடிச்சுக்கறேன்னு என்கிட்டயும்தான் சொன்னாரு. வேணாம் சார், எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா, அவளோட வந்து பார்த்துக்கறேன்னு சொல்லிட்டேன்.