நாகூர் கனியைக் குளிப்பாட்டவில்லை

"படு காக்கா, படு."

முதலில் விமானச் சத்தம். பிறகு நீளமாக ஒரு விசில். பிறகு தரை எழும்பி விழுகிறது. நான் சாலையோரப் பள்ளத்தில் கிடக்கிறேன். வாய் நிறைய மணல். சூடானில் சண்டை. கார்த்தூமிலிருந்து தப்பிக் கடற்கரைக்குப் போகும் சாலை. ரமலான் பிறை இருபத்தேழு. காலை ஒன்பது இருபது. நாங்கள் வந்த பேருந்து எரிகிறது.

கத்தியவன் நாகூர் கனி. யூசுப்பின் தம்பி. இருபத்து நான்கு வயது. நாங்கள் மூன்று பேரும் ராமநாதபுரம் பக்கம், ஒரே தெரு. கார்த்தூமுக்கு வெளியே ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்ட். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். அண்ணனைப் படுக்கச் சொன்னவனுக்குத் தான் படுக்க நேரம் கிடைக்கவில்லை.

பத்து நிமிடம் உயிர் இருந்தது. கலிமா சொன்னான். பாதிதான் வந்தது.

யூசுப் தண்ணீர்க் கேனை எடுத்தான். ஐந்து லிட்டர் கேன். பாதி இருந்தது. தம்பியைக் குளிப்பாட்ட வேண்டும் என்றான். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஜனாஸா தொழுதுதான் எங்கள் மய்யித்து மண்ணுக்குப் போகும். நான் கேனைப் பிடுங்கினேன். மிச்சம் இருந்தது பதினொரு பேர். எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. மறுபடி விமானச் சத்தம். கையால் மணலை இழுத்து மூடினோம். தொழவில்லை. ஓடினோம்.

தண்ணீர் தராதவன் நான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இப்போது ஒரகடம். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. பிரஸ் ஷாப். டங். நான்கு நொடி. டங். ஒவ்வோர் அடிக்கும் யூசுப்பின் தோள் துள்ளுகிறது. ஊரில் வேலை இல்லை. ஊர் திரும்பிய ஐந்தாம் மாதம் இங்கே வந்தோம். வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு அறை.

அங்கேதான் கழுவ ஆரம்பித்தான். தொழுகைக்கு முன் ஒளு செய்ய இரண்டு நிமிடம் போதும். இவனுக்கு நாற்பது நிமிடம். கை, முகம், கால். மூன்று தடவை கழுவுவான். எண்ணிக்கை தவறியது என்பான். முதலிலிருந்து தொடங்குவான். முழங்கையில் தோல் வெடித்தது.

சூப்பர்வைசர் இந்த ஊர்க்காரர். தண்ணீர்த் தொட்டிக்கே வந்துவிட்டார். "இன்னா பாய், தொட்டியிலயே வூடு கட்டிகினியா? லைன் நிக்கிது பா." லைனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அறைக்கு வந்து நான் சொன்னது அதைவிட மோசம். "ஈமான் கொறைஞ்சவனுக்குத்தான்டா மனசு கெடும். கூட ரெண்டு ரக்அத் தொழு." கூடத் தொழுதான். தொழுகை கூடக் கூட, கழுவுவதும் கூடியது.

கம்பெனி ஒரு ஆலோசகரிடம் அனுப்பியது. ஒரு மாதம் தொழுகையை நிறுத்திப் பார்க்கச் சொன்னாராம். தம்பிக்கு ஒரு கடிதம் எழுதி, எரித்துவிடச் சொன்னாராம். யூசுப் எழுதினான். மேலே பிஸ்மில்லாஹ் எழுதினான். அல்லாஹ்வின் பெயரை எரிக்க மாட்டேன் என்று திரும்பி வந்தான். ஒத்துழைப்பு இல்லை என்று ஃபைலில் எழுதினார்கள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நாங்கள் போகவில்லை. ஜின் பிடித்திருக்கிறது என்பார், கயிறு கட்டுவார் என்று பயம். ஊரில் ஒருவனைச் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். கேட்காமலே அவருக்காக நாங்கள் பதில் சொல்லிக்கொண்டோம்.

பிறகு ஒரு கிளினிக். மாத்திரை. காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்குப் பின். நோன்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. எதிரே தாடியும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தவனிடம் அந்த டாக்டர் நோன்பைப் பற்றிக் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. நோயாளி நோன்பை விடலாம். எங்கள் மார்க்கம் தரும் சலுகை அது. காய்ச்சல்காரன் விடுவான். சர்க்கரைக்காரன் விடுவான். இவன் தன்னை நோயாளி என்று எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

மூன்று வேளை மாத்திரையையும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு ஒன்றாக விழுங்கினான். தினமும். பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

ரமலான் பிறை ஒன்பது. காலை ஒன்பது நாற்பது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை வேகத்துக்காக அணைத்து வைத்திருந்தார்கள். யூசுப் நின்றபடி தூங்குகிறான். கால் பெடலில். கை அச்சுக்குள்.

"கைய எடு பாய், கைய எடு."

டங்.

கத்தியது சூப்பர்வைசர். தன் சட்டையைக் கழற்றி அவன் கையைக் கட்டியதும் அவர்தான்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. கட்டுப் போட்ட கையையும் கழுவப் போனான். நர்ஸ்கள் கட்டிலோடு கட்டினார்கள். மனநல டாக்டர் அம்மா வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறாய் என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். இவர் கேட்டது வேறு.

"யாருக்காகக் கழுவுறீங்க யூசுப்?"

பதினொரு மாதத்தில் முதல்முறையாக அவன் தம்பி பெயரைச் சொன்னான். குளிப்பாட்டாமல் புதைத்ததையும் சொன்னான்.

உங்கள் மார்க்கத்தில் இதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர் யார் என்று டாக்டர் அம்மா கேட்டார். எங்கள் ஹஜ்ரத்துக்கு அவரே போன் போட்டார். ஹஜ்ரத் இரண்டு பஸ் மாறி வந்தார். கயிறு எதுவும் கொண்டுவரவில்லை. மனசு நோயும் நோய்தான், மாத்திரைக்காக நோன்பை விட்டால் குற்றமில்லை என்றார். பிறகு தம்பியைப் பற்றிப் பேசினார். "முடியாதத அல்லாஹ் ஒன்கிட்ட கேக்கமாட்டான்பா. தண்ணி இல்லாத எடத்துல நீ என்ன செய்வ?"

"தண்ணி இருந்துச்சு ஹஜ்ரத்."

யூசுப் என்னைப் பார்க்கவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். ஹஜ்ரத் ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்திக் கேட்டார்.

"எத்தன பேருக்கு?"

"பதினோரு பேருக்கு."

"அப்ப அது உசுரோட இருக்கறவங்க தண்ணி. அதுல மய்யித்தக் குளிப்பாட்ட வேண்டியதில்ல. சுத்தமான மண்ணத் தொட்டு அவன் மொகத்துலயும் கையிலயும் தடவியிருந்தாப் போதும். அதுக்கும் நேரமில்லன்னா, ஒம்மேல குத்தமில்ல."

மண். எங்கள் வாயெல்லாம் மண் இருந்தது. தொழுகைக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் மண்ணைத் தடவிக்கொள்வது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றைக்கு இருவருக்கும் தோன்றவில்லை.

வார்டு வராண்டாவில் நின்று நாகூர் கனிக்குக் காயிப் ஜனாஸா தொழுதோம். உடல் இல்லாதவனுக்கு வைக்கும் தொழுகை. நான்கு தக்பீர். ஐந்து நிமிடம். டாக்டர் அம்மா கதவருகில் நின்று ஆட்களை வேறு பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

இப்போது ஒளுவுக்குப் பத்து நிமிடம் எடுக்கிறான். சில நாள் இருபது. மாத்திரை தொடர்கிறது. அதன் பிறகு அவனே ஒன்று செய்தான். தம்பியைக் குளிப்பாட்டித்தான் அடக்கினோம் என்று அவன் உம்மாவிடம் சொல்லி வைத்திருந்தோம். ஊருக்குப் போய் உண்மையைச் சொன்னான். கேனைப் பிடுங்கியது யார் என்றும் சொன்னான்.

கணக்கு இது. பேருந்தில் ஏறியவர்கள் பதினாறு. கடற்கரைக்கு வந்தவர்கள் பதினொன்று. மணலில் விட்டது ஐந்து. அதில் எனக்குப் பெயர் தெரிந்தது ஒன்று. யூசுப்புக்குப் போனது வலது கையில் நான்கு விரல், வேலை, பதினொரு மாதம். அவன் உம்மாவுக்கு இளைய மகன். எனக்கு, இனி ஏற முடியாத அந்த வீட்டு வாசல்.