இருபதாவது பெயர்

— கபாலிக்கு வயசு பதினேழுன்னு போட்டுக்கோங்க மிஸ்.

— போன வருஷமும் பதினேழுதான் பொன்மணி. அதுக்கு முந்தின வருஷமும்.

— அவனுக்கு இன்னா, எப்பவும் பதினேழுதான். மீசதான் வளந்துகினே கீது.

— இந்தத் தடவ ஆதார் நம்பர் போட்டா பிறந்த தேதி தானா வந்து நிக்குது. பதினெட்டு தாண்டினவன் கணக்குல வரமாட்டான்.

— அப்ப எத்தினி பேரு?

— பத்தொன்பது. இருபது இருந்தாத்தான் இந்த ஸ்பெஷல் ஸ்கூல் இங்க இருக்கும். இல்லாட்டி எல்லாரையும் கிண்டி ஸ்கூலோட சேர்த்துடுவாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆன்லைன்ல லிஸ்ட் அனுப்பணும்.

— கிண்டிக்கா? பஸ்சு வேற ரோட்டுல திரும்புனாலே அனிருத்து செருப்பக் கழட்டி அடிப்பான். நீங்க ஹெச்.எம்மு. சொல்லிப் பாக்கலாம்ல?

— சொல்லியாச்சு. நம்பர்தான் கேக்கறாங்க. இந்து பதினொண்ணு, கிறிஸ்தவர் அஞ்சு, முஸ்லிம் மூணு. ஆண் பதினாலு, பெண் அஞ்சு. பெண்கள் ஏன் குறைவுன்னு காரணம் எழுதணுமாம்.

— இன்னா எழுதப் போறீங்க?

— தெரியவில்லைன்னு.

— பதினாலு வருஷமா ஆயா வேல பாக்கறேன், எனக்கே தெரியும். பொட்டப் புள்ளைய வெளிய காட்டறதில்ல. அவ்ளோதான்.

— அதுக்குக் கட்டத்துல இடம் பத்தாது.

— எனக்கு ஒரு பொண்ணத் தெரியும் மிஸ். தேனாம்பேட்ட. பதினோரு வயசு. பேச்சு வராது. ஒரு ஸ்கூலுக்கும் போனதில்ல.

— இத்தன நாளா ஏன் சொல்லல? யார் வீடு?

— ரெண்டாவது மாடி. எங்க தெரு ஹாஜிரா பீதான் பகல்ல பாத்துக்கறா. நம்ம பஸ்சு அந்தப் பக்கம் போறப்போ ஜன்னல்ல நின்னு கை ஆட்டுமாம். ஏன் நிறுத்திட்டீங்க? டைப் பண்ணுங்க.

— அம்மா படிச்சவங்களா?

— நல்லா படிச்சவங்க. பேரண்ட்ஸ் மீட்டிங்ல அவங்க பேசுனா அல்லாரும் அழுவாங்க.

— என்ன பேசுவாங்க?

— புள்ளைய ஊட்டுக்குள்ள பூட்டி வெக்காதீங்கன்னு.

— அந்தக் கதவச் சாத்து பொன்மணி.

— ஃபேன் போடவா மிஸ்?

— வேண்டாம். உனக்கு எத்தன நாளா தெரியும்?

— ஆறு வருஷமா.

— ஒரு தடவகூடக் கேக்கலையே நீ.

— நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். இப்பகூட கிண்டின்னு சொன்னதாலதான் வாயத் தொறந்தேன். பேரு இன்னா போடணும்?

— சோஃபியா. போட்டுட்டேன். பொன்மணி, நாளைக்குக் காலையில மணி அடிக்காத. என் பொண்ணுக்கு அந்தச் சத்தம் ஆகாது.